ஸ்கேன் நார்மல்தான், ஆனாலும் தலை ஏன் சுற்றுகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. வயது 36. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசர். 8 மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் படுக்கையில் புரண்டபோது அறையே கரகரவென்று சுழன்றிருக்கிறது, வாந்தியும் வந்திருக்கிறது. நான்கைந்து நாளில் அந்தச் சுழற்சி நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நின்றாலும் நடந்தாலும் தரை மெத்தை மாதிரி அமுங்குகிறது, தலைக்குள் எப்போதும் ஒரு மிதப்பு. கம்பெனி பஸ்ஸிலும், வேலூர் லாங் பஜாரிலும், துணிக்கடையிலும் அதிகமாகிறது. படுத்தால் குறைகிறது. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, காது டெஸ்ட், மூளை எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். "டென்ஷனைக் குறைங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மாமியார் பித்தம் என்கிறார், கணவர் எல்லாம் மனப்பிரமை என்கிறார். இந்தச் சகோதரி கேட்பது: "பயத்தால் தலை சுற்றுகிறதா, தலை சுற்றுவதால் பயம் வருகிறதா? எனக்கு நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லையா?"

இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சகோதரி, ஏனென்றால் இந்த 8 மாதத்தில் உங்களை அதிகம் வாட்டியது அந்தச் சந்தேகமாகத்தான் இருக்கும். நான் வேலூரில் 18 வருடமாகத் தலைசுற்றல் உள்ளவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதுவது என் வேலை கிடையாது. ஆனால் உங்களைப் போல ஒரு பை நிறைய ரிப்போர்ட்டோடு வந்து உட்கார்ந்து, "நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க" என்று அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் என்பது ஒரு படம். வீட்டில் ஃபேன் ஓடாவிட்டால், ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ரெகுலேட்டர் 5-லேயே மாட்டிக்கொண்டு ஃபேன் வேகமாக ஓடிக்கொண்டே இருந்தால்? ஒயர் நன்றாகத்தான் இருக்கும், ஃபேனும் நன்றாகத்தான் இருக்கும். படத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் கோளாறு உண்டு. உங்களுக்கு நடந்திருப்பது இதைப் போன்ற ஒன்றாக இருக்கலாம் என்று உங்கள் விவரத்தைப் படித்ததும் தோன்றியது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது, அதனால் மற்ற காரணங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் ஊரில் 'தலைசுத்துது' என்ற ஒரே சொல்லுக்குள் பல தொல்லைகள் ஒளிந்திருக்கின்றன. சுவரும் ஃபேனும் சுழல்வது போலத் தெரிவது ஒன்று. எழுந்ததும் கண் இருட்டி, விழுந்துவிடுவோமோ என்று தோன்றுவது இன்னொன்று. தலை தெளிவாக இருக்க, கால் மட்டும் தள்ளாடுவது வேறு. உங்களுடைய மிதப்பு, ஆட்டம், 'மெத்தை மேல நடக்கிற மாதிரி' என்பது இந்த மூன்றிலும் சேராது. டாக்டரிடம் போகும்போது 'தலைசுத்தல்' என்று மட்டும் சொல்லாமல், இங்கே எழுதியிருப்பது போலவே சொல்லுங்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எப்போது குறைகிறது என்ற விவரங்கள் பல டெஸ்ட்டுகளைவிடப் பயன்படும்.

அந்த முதல் நாள் நடந்தது என்ன? படுக்கையில் புரண்டதும் சுழன்றது, வாந்தி வந்தது என்பதைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உள்காதில் துகள் இடம் மாறுவது. உள்காதில் சுண்ணாம்பு போன்ற மிகச் சின்னப் படிகங்கள் உண்டு. அவை இருக்க வேண்டிய இடத்திலிருந்து கழன்று, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் உலகம் சுழலும். ஒவ்வொரு சுழற்சியும் பெரும்பாலும் 1 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சுழல்வது போன்ற தலைசுற்றலுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். மருந்தைவிடக் கை வேலைதான் இதற்குச் சரியான வைத்தியம். எப்லி முறை என்று பெயர். தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் வரிசையாகத் திருப்பி, துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுவார்கள். சில நிமிட வேலை. உங்களுக்கு இப்போதும் படுக்கையில் புரளும்போதோ, அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்க்கும்போதோ சில நொடி சுழற்சி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் துகள் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று பொருள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் படுக்க வைத்துச் செய்யும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். உட்கார வைத்து ஹெட்போன் மாட்டிச் செய்யும் காது டெஸ்ட்டில் இது தெரியாது.

துகள் போய்விட்டது, ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை என்றால்தான் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறோம்.

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. கண், உள்காது, உள்ளங்கால் முதல் கழுத்து வரையுள்ள தசைகளும் மூட்டுகளும். ஏலகிரி மலைக்குப் போகும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பின்சீட்டில் செல்போன் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளை ஏன் வாந்தி எடுக்கிறது? கண் 'அசையவில்லை' என்கிறது, காது 'வளைகிறோம்' என்கிறது. செய்திகள் முரண்பட்டால் மூளை தடுமாறும். உங்கள் காது அந்த விடியற்காலையில் சில நாள் தப்பான செய்தி அனுப்பியது. அப்போது மூளை புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. காதை நம்பாதே, கண்ணை நம்பு, உடம்பை விறைப்பாகப் பிடித்துக்கொள், ஒவ்வொரு அடியையும் பார்த்து வை என்று ஆணையிட்டது. அந்த நாலு நாளைக்கு அது சரியான ஆணை. காது சரியான பிறகு அதைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். சிலருக்கு அது திரும்பப் பெறப்படுவதில்லை.

ஏன் என்றால், அங்கேதான் பயம் வருகிறது. காதிலிருந்து வரும் சமநிலைச் செய்தி போகும் நரம்புப் பாதைகளும், ஆபத்து என்று உடம்பை எழுப்பும் மூளைப் பகுதிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அதனால் தலை சுற்றினால் நெஞ்சு படபடக்கும், நெஞ்சு படபடத்தால் நிற்பது தடுமாறும். 'எது முதலில்' என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், இரண்டு வழியும் உண்டு. உங்கள் விஷயத்தில் சுழற்சி முதலில் வந்திருக்கிறது, பயம் பின்னால் வந்து அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேறு சிலருக்கு நெஞ்சு அடைத்து வேர்த்துக்கொட்டும் பீதியில் தொடங்கும், அல்லது மாதக்கணக்கான மனஅழுத்தத்தில் தொடங்கும். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இதை நம்ப முடியவில்லை என்றால் வேலூர்க் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். கீழே புல்தரையில் ஓர் அடி அகலப் பலகையைப் போட்டால் பேசிக்கொண்டே நடந்துவிடுவோம். அதே பலகையை அகழிக்கு மேலே, மதில் உயரத்தில் போட்டால்? கால் விறைக்கும், மூச்சு மேலேறும், கண் அடியையே பார்க்கும், உடம்பு நடுங்கி இன்னும் அதிகமாக ஆடும். பலகை அதேதான், காதும் கண்ணும் அதேதான். உயரத்தில் நிற்பவர் நிற்கும் அந்த விதத்தில் நீங்கள் 8 மாதமாகச் சமதரையில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். சாயங்காலம் கழுத்தும் கெண்டைக்காலும் வலிப்பதும், ஒன்றும் செய்யாமலே சோர்ந்துபோவதும் அதனால்தான்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் 'நீடித்த நிலை-உணர்வுத் தலைசுற்றல்' என்று சொல்லலாம். டாக்டர்கள் பிபிபிடி என்பார்கள். உள்காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காக 1914-க்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரில் இயங்கும் மருத்துவ அமைப்பு, 2017-ல் இதற்கு வரையறை வகுத்தது. 3 மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் ஆட்டமோ மிதப்போ இருக்க வேண்டும். நிற்கும்போதும், அசையும்போதும், கண்ணுக்கு முன் நிறைய நகரும்போதும் அது அதிகமாக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தைத் திடலில், கூட்டத்தில் மட்டும் வரும் தலைசுற்றலைப் பற்றி ஜெர்மன் மொழி பேசும் மருத்துவர்கள் 1870-ஐ ஒட்டியே எழுதியிருக்கிறார்கள். லாங் பஜார் உங்களுக்கு மட்டும் ஆகாத இடமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை, அதனால் டென்ஷன் என்று சொல்வது கண்டுபிடிப்பு ஆகாது. பிபிபிடி என்றால் அதற்கான அடையாளங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், எப்படிச் சரியாகும் என்று விளக்க வேண்டும். அந்த விளக்கமே பாதிப் பயத்தை எடுத்துவிடும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அரிசி மண்டி வைத்திருக்கும் ஒருவர், 50 வயதுக்கு மேல். எங்கள் வராந்தாவில் சுவரோடு சுவராக, வலது கை ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் சுவரில் வைத்துக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்தார். விரல் சுவரைத் தாங்கவே இல்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. சுவரின் சுண்ணாம்பு விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கூடவே நடந்துகொண்டு கேட்டேன்: "அண்ணே, 26 கிலோ மூட்டை 14 வேணும். மூட்டை 1,450 போட்டா எவ்வளவு ஆகும்?" ஒரு நொடி மேலே பார்த்தார். "இருபதாயிரத்து முந்நூறு. வண்டி வாடகை தனி" என்றார். அதற்குள் ஏழெட்டு அடி வைத்துவிட்டார், விரல் சுவரில் இல்லை. பாதம் தூக்கித்தான் வைத்தார். அவரிடம் அதைச் சொன்னதும் நின்று, திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தார். அடுத்த நொடியே கை சுவரைத் தேடியது.

அவர் நடிக்கவில்லை. மனம் கணக்குக்குப் போனதும் நடையை உடம்பின் பழைய வழக்கம் எடுத்துக்கொண்டது, மனம் திரும்பி வந்து நடையைக் கவனித்ததும் தடுமாற்றமும் திரும்பி வந்தது. நடக்கும் திறமை உள்ளே அப்படியே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நீங்களும் கவனித்திருப்பீர்கள், கம்பெனியில் தையல் லைனில் ஏதோ அவசரம் என்று ஓடும்போது தலைசுற்றல் நினைவில்லாமல் போயிருக்கும்.

சரி, பதற்றத்தால் தலை சுற்ற இன்னொரு நேரடி வழி மூச்சு. பதற்றத்தில் நமக்கே தெரியாமல் மூச்சு வேகமாகும், அடிக்கடி பெருமூச்சு வரும். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாகும், உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் மதமதப்பு வரும், மூச்சு போதவில்லை என்று தோன்றும். போதவில்லை என்று இன்னும் இழுத்தால் இன்னும் கூடும். இந்த மதமதப்பு உங்களுக்கு வருமானால், மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு அளவுக்கு இறங்கினால் போதும். 5 நிமிடத்தில் வித்தியாசம் தெரியும்.

டென்ஷன் என்று முத்திரை குத்துவதற்கு முன் பார்க்க வேண்டிய உடம்புக் காரணங்களும் உண்டு. ரத்தப் பரிசோதனை நார்மல் என்றீர்கள், அதில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை இருந்ததா பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிபியைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் எடுக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது தனிப் பிரச்சனை. உட்கார வைத்து ஒரு தடவை மட்டும் பார்த்தால் தெரியாது. நம் வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், மே மாதம் 40 டிகிரி தாண்டும். பஸ்ஸிலும் கம்பெனியிலும் பாத்ரூம் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். காலையில் டீயும் ரெண்டு பிஸ்கட்டும், அப்புறம் மதியம்தான் சாப்பாடு என்றால் தலை சுற்றத்தான் செய்யும். மாமியாரிடம் சண்டை வேண்டாம், அவர் கொடுக்கும் இஞ்சிக் கஷாயம் குமட்டலுக்கு நல்லதுதான், குடியுங்கள். பித்தம் என்று சொல்லிச் சாப்பாட்டைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

ஒற்றைத் தலைவலி இருக்கிறதா என்றும் யோசியுங்கள். தலைவலி இல்லாமலே தலைசுற்றலாக மட்டும் அது வருவதுண்டு. மாதவிலக்கை ஒட்டியோ, வெளிச்சமும் சத்தமும் தாங்காமலோ வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 'கழுத்து எலும்பு தேய்மானம்' என்று சொல்லி காலர் மாட்டிவிட்டிருந்தால், அதையும் கேளுங்கள். நடுவயதில் எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் பலருக்கும் தெரியும், தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. காலர் போட்டுத் தலையை அசைக்காமல் வைத்திருப்பது சமநிலை திரும்புவதைத் தாமதப்படுத்தும்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். திடீர் தலைசுற்றலோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, நிற்கவே முடியாமல் போவது, இதுவரை வராத கடும் தலைவலி, நெஞ்சுவலி, மயங்கி விழுவது, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது, மலம் கறுப்பாகப் போவது, இவற்றில் எது வந்தாலும் டென்ஷன் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இனி வைத்தியம். நீங்கள் 'தலைசுத்தல் மாத்திரை' எதையாவது 8 மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? சின்னரிசின், புரோக்ளோர்பெரசின் வகைகள் கடும் சுழற்சியின்போது சில நாளைக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் மூளை தானே சரிசெய்துகொள்வதை மந்தப்படுத்தும், சிலருக்குக் கை நடுக்கமும் நடை மந்தமும் வரும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபம் பழக்கமாகிவிடும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பட்டியலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பிபிபிடிக்கு மனநல மருத்துவர்கள் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பலருக்கு உதவுகிறது. முதல் இரண்டு வாரம் குமட்டலோ தலை லேசாவதோ கூடலாம், அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும்.

பயிற்சிதான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பீர்கள். அன்றைய தேதியின் பெரிய எண் கண் மட்டத்தில் இருக்கும்படி, ஒரு கை தூரத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் 'வேண்டாம்' என்பது போல ஆட்டுங்கள். எண் கலங்காமல் தெரிய வேண்டும், அந்த வேகம் போதும். அரை நிமிடம். அப்புறம் 'சரி' என்பது போல மேலும் கீழும் அரை நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒரு வாரம் கழித்து அதையே நின்றுகொண்டு, கால்களைச் சேர்த்துவைத்து. பிறகு நடந்துகொண்டே.

செய்யும்போது தலைசுற்றல் வரும். வர வேண்டும், அது வராமல் மூளை கற்றுக்கொள்ளாது. தலைசுற்றலுக்கு 10-க்கு மார்க் போட்டால், 3 என்று இருப்பது 5 ஆகி, 15–20 நிமிடத்தில் பழையபடி இறங்கினால் சரியான அளவு. அன்று முழுக்கப் படுக்க வைத்தால் அதிகம், மறுநாள் பாதியாகக் குறையுங்கள். நாள் தவறாமல் கொஞ்சம் செய்பவர்களுக்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல மெல்லக் குறைந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறித்தான் வரும். கெட்ட நாள் வந்தால் முதலிலிருந்து தொடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றால் இங்கே பாகாயம் என்ற பெயரைக் கேட்டே முகம் மாறுகிறவர்கள் உண்டு. சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் அங்கே இருப்பதால் அப்படி. வீட்டார் ஒருவர் நோயாளியோடு உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அந்த மையத்தின் நெடுநாள் வழக்கம், மறைக்க வேண்டிய இடமே இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டை, மனநலம் இரண்டு பிரிவும் உண்டு. நேரில் போகும் முன் பேசிப் பார்க்க 14416 என்ற இலவச எண் இருக்கிறது, டெலிமானஸ், தமிழிலேயே பேசலாம். முதல் தடவை போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். 'மனப்பிரமை' என்று அவர் சொன்னதற்குப் பதிலை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.

வேலையை விட்டுவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டில் படுத்தே இருந்தால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும், எழுந்து வெளியே போகும் அன்று இரட்டிப்பாகும். முடிந்தால் ஒரு மாதம் லைனுக்குப் பக்கத்திலேயே உட்காரும் வேலையாகக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்து மலையைப் பாருங்கள், பக்கத்தில் ஓடும் மரங்களைப் பார்க்காதீர்கள், செல்போனைப் பையில் வையுங்கள். முன்கம்பியை இறுக்கிப் பிடிக்காமல், அந்த மண்டிக்காரர் சுவரைத் தொட்டது போல ஒரு விரலை மட்டும் வையுங்கள். பத்து நாள் கழித்து, வழியில் மாதனூர் வரும் வரை அந்த விரலையும் எடுத்துப் பாருங்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள்.